பச்சை ஜாக்கெட்டும் நான்கு இரவுகளும்: என் ஹைதராபாத் பதிவுக்கு ஒரு திருத்தம்

போன டிசம்பரில் கதிரியக்க அயோடின் சிகிச்சைக்காக ஹைதராபாத் போய் வந்ததைப் பற்றி இங்கே எழுதியிருந்தேன். தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அதே மாதிரிப் பயணத்துக்குத் தயாராகும் பலர் அதைப் படித்துவிட்டுச் சந்தேகம் கேட்டு எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். அந்தப் பதிவில், "வீட்டில் தனியாக இருந்த ஏழு நாளும் மருத்துவமனை சொன்ன விதிகளில் ஒன்றைக்கூட நான் மீறவில்லை" என்று ஒரு வரி இருந்தது. அது பொய். நேற்றுதான் நீக்கினேன். ஏன் நீக்கினேன் என்று சொல்வதற்காகத்தான் இந்தப் பதிவு. வழக்கம்போல ரயில் நேரம், செலவு, தூரம் எல்லாம் இதிலேயே இருக்கும்.

முதல் முறை வருகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. நான் அரக்கோணத்தில் தபால் அலுவலகக் கவுண்டரில் வேலை செய்கிறேன். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு என்னை அவ்வளவாகப் பிடிக்காது. தைராய்டில் புற்றுநோய் என்று தெரிந்து சுரப்பியை எடுத்த பிறகு, மிச்சமிருக்கும் செல்களை அழிக்க அயோடின் மாத்திரை வேண்டும் என்றார்கள். தைராய்டு செல் எங்கே ஒட்டிக்கொண்டிருந்தாலும் அயோடினை இழுத்துக்கொள்ளும், அந்த அயோடின் கதிரியக்கம் உள்ளதாக இருந்தால் இழுத்த செல் செத்துப்போகும். இவ்வளவுதான் வைத்தியம். தொல்லை என்னவென்றால், மாத்திரையை விழுங்கியவரின் உடம்பிலிருந்தே சில நாளைக்குக் கதிர்வீச்சு வந்துகொண்டிருக்கும். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் தனி அறை, பிறகு ஒரு வாரம் வீட்டில் தனி அறை. குழந்தைகள் கிட்டே வரக் கூடாது, உடுத்திய துணியைத் தனியாக வைக்க வேண்டும்.

இங்கே தனி அறைக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருந்ததால் ஹைதராபாத் போனேன். என் தங்கை மாலதி அங்கே மெட்டுகுடாவில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் தனசேகரின் குடும்பம் ரயில்வே பட்டறை வேலைக்காக வெள்ளைக்காரன் காலத்திலேயே லாலாகுடாவுக்குப் போனது. சேகருக்கு வேலை ரயில்வேயில் இல்லை. நாச்சாரத்தில் ஒரு சிறிய நிறுவனத்தில் வெல்டிங்கைச் சோதிக்கும் ரேடியோகிராஃபர். பாய்லர் குழாயில் போட்ட வெல்டிங்கில் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. குழாய்க்கு ஒரு பக்கம் ஃபிலிமை ஒட்டி, மறுபக்கம் இரிடியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கொஞ்ச நேரம் வைத்தால் எலும்பு முறிவுக்கு எடுக்கிற மாதிரி படம் விழும். மிளகு அளவுகூட இல்லாத அந்தப் பொருளை 'சோர்ஸ்' என்கிறார்கள். அதைப் பூட்டி வைத்திருக்கும் கனத்த பெட்டியின் பெயர் 'கேமரா'. தூரத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றினால் கம்பி வழியாக சோர்ஸ் வெளியே போகும், திருப்பிச் சுற்றினால் பெட்டிக்குள் வரும். வராமல் குழாயிலேயே நின்றுவிட்டதைக் கவனிக்காமல் போய்க் கைவைத்தவர்களின் விரல்கள் பிறகு வெந்து கறுத்துப்போன கதையை சேகர் ஒருமுறை சொல்லியிருக்கிறார். சாப்பிடும்போது சொன்னார், அதனால் மறக்கவில்லை.

இந்த வேலையில் இருப்பவர்கள் நெஞ்சில் ஒரு பேட்ஜ் மாட்டியிருப்பார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, தட்டையாக இருக்கும். உள்ளே இருக்கும் வில்லைகள், பட்ட கதிர்வீச்சைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்பினால், அதை மாட்டியிருந்தவர் எவ்வளவு வாங்கினார் என்று கணக்கு வரும். சேகருக்குப் பதினோரு வருடமாக ஏறக்குறைய பூஜ்யம்தான் வந்துகொண்டிருந்தது. இந்த ஏப்ரல் கடைசியில் வந்த கணக்கில், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைக்கான மூன்று மாதத்தில் ஒரு வருடத்துக்கு அனுமதித்த அளவு முழுவதும் ஏறியிருந்தது. அன்றைக்கே அவரைக் கதிர்வீச்சு வேலையிலிருந்து விலக்கி, ஃபிலிம் பார்க்கும் மேஜையில் உட்கார வைத்துவிட்டார்கள். ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். எப்படி ஏறியது என்று எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். மாலதி இதை ஃபோனில் சொன்னபோது எனக்குப் பரிதாபமாகத்தான் இருந்தது, வேறு எதுவும் தோன்றவில்லை. ஆறு மாதப் பரிசோதனைக்கும் நாள் வந்திருந்ததால் இரண்டுக்குமாகச் சேர்த்து ஜூன் இரண்டாம் வாரம் டிக்கெட் போட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை வாக்கில் அரக்கோணத்தில் காச்சிகுடா ரயில். ஸ்லீப்பர் நானூறு ரூபாயை ஒட்டி வரும். தூரம் சுமார் எழுநூறு கிலோமீட்டர். இருபது நிமிடத் தாமதத்தோடு சனிக்கிழமை காலை எட்டேகாலுக்குக் காச்சிகுடாவில் இறங்கினேன். வெளியே ஆட்டோக்காரர் மெட்டுகுடாவுக்கு இருநூற்றைம்பது கேட்டார். ஐந்து கிலோமீட்டருக்கா என்றேன். "ஆஸ்பத்திரி கேஸா அம்மா?" என்று என் கழுத்துத் தழும்பைப் பார்த்துக் கேட்டார். ஆமாம் என்றதும் நூற்றைம்பதுக்கு இறங்கினார். தழும்புக்கு இப்படி ஒரு பயன் இருப்பதை டிசம்பர் பதிவில் எழுத விட்டுப்போயிற்று.

மாலதி வீடு தரைத்தளம், அதற்கு மேலே மொட்டை மாடியில் ஒரு தனி அறை. டிசம்பரில் என்னை வைத்திருந்தது அந்த அறையில்தான். மாடிப்படியில் சேகர் அன்றைக்குப் போட்ட வெள்ளை பெயிண்ட் கோடு அப்படியே இருக்கிறது. அதைத் தாண்டி யாரும் வரக் கூடாது, கோட்டில் நின்றாலும் ஒரு நாளைக்கு இத்தனை நிமிடம்தான் என்று அந்த வாரம் லீவு போட்டு, கடிகாரம் வைத்துக்கொண்டு நடத்தியவர் அவர். ஏழு வயது மகள் பிரணதியை அந்த வாரம் முழுக்கப் பக்கத்து வீட்டில் தூங்க வைத்தார். இப்போது அவள் அந்தக் கோட்டிலிருந்து ஒற்றைக்காலில் குதித்து விளையாடிக்கொண்டிருந்தாள். "பெரியம்மா வந்திருக்கேன், பாக்க மாட்டியா?" என்றேன். "ஆட்ட அயிபோயாக்க ஒஸ்தா பெத்தம்மா" என்று தெலுங்கில் பதில் வந்தது. ஆட்டம் முடியட்டும், வருகிறேன் என்று அர்த்தம்.

சேகரைப் பார்த்ததும் கொஞ்சம் திக்கென்றிருந்தது. மனிதர் மெலிந்திருந்தார். தட்டில் இட்லி வைத்ததும் உடனே கையை வைக்கவில்லை. வலது கையைத் திருப்பி, விரல் நுனிகளை ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு இடது கை. அதன் பிறகுதான் சாப்பிட்டார். நான் மாலதியைப் பார்த்தேன். அவள் அடுப்பங்கரைக்குள் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

"ஒன்றரை மாசமா இப்படித்தான்க்கா. மூணு வேளையும். செவந்திருக்கா, தோல் உரியுதான்னு பாக்கறாரு. டாக்டர் ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. கேக்க மாட்டேங்கறாரு."

அன்று பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி. மெட்டுகுடாவிலேயே மெட்ரோ ஏறலாம், அமீர்பேட் வரை இருபது நிமிடம், நாற்பது ரூபாய்க்குள். அமீர்பேட்டில் கோச்சிங் வகுப்புப் பிள்ளைகள் பையும் கையுமாகப் படிக்கட்டை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். உடம்பு முடியாதவர்கள் லிஃப்டைத் தேடிப் போவது நல்லது, அது கடைசி மூலையில் இருக்கிறது. ரத்தப் பரிசோதனைக்கு 2,150 ரூபாய், நாலு மணிக்கு முடிவு. மிச்சம் மீதி எதுவும் இல்லை, அடுத்த வருடம் வந்தால் போதும் என்றார் டாக்டர். வெளியே வந்து மெட்ரோ படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். யாரும் கண்டுகொள்ளவில்லை, அமீர்பேட்டில் பரீட்சை முடிவு பார்த்துவிட்டு அழுகிறவர்கள் தினம் உண்டு போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு சேகர் என்னை பைக்கில் மௌலாலி மலைக்குக் கூட்டிப்போனார். வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர் இருக்கும். மலை என்றால் ஒரே பாறை, மேலே தர்கா. படிகள் நான் எண்ணியவரை ஐந்நூற்றுச் சொச்சம். ஜூனில் போவதானால் ஏழு மணிக்குள் ஏறிவிட வேண்டும், அதற்குப் பிறகு பாறை சுட ஆரம்பித்துவிடும். தண்ணீர் கீழேயே வாங்கிக்கொள்ளவும். மேலே போனால் செகந்திராபாத் பக்கம் முழுவதும் தெரியும், ரயில் தண்டவாளங்கள், பட்டறைக் கூரைகள், நாச்சாரத்தின் புகைபோக்கிகள் எல்லாம்.

"இந்தக் கல்லுலயும் இருக்குக்கா" என்றார் சேகர், பாறையைத் தட்டி. "கிரானைட் இல்ல? மீட்டர் வெச்சா லேசா கத்தும். ஊரே அது மேலதான் இருக்கு. யாரும் பயப்படறதில்ல." பிறகு நாச்சாரம் பக்கம் பார்த்தபடி, "நாளைக்கு லெட்டர் குடுக்கறேன்" என்றார்.

என்ன லெட்டர் என்று கேட்டேன். அவரோடு பதினோரு வருடமாக வேலை செய்யும் யாதகிரி என்பவரின் மேல் புகார். சேகர் வேலைக்குப் போன நாட்களில் படம் எடுத்த எந்த ஷாட்டிலும் தவறு நடக்கவில்லை, எல்லாவற்றுக்கும் பதிவு இருக்கிறது. அப்படியானால் யாரோ வேண்டுமென்றே பேட்ஜைக் கொண்டுபோய் சோர்ஸ் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். யாதகிரிக்கும் அவருக்கும் பேட்ஜ் விஷயத்தில் பல வருடமாகத் தகராறு. நீண்ட வேலை வந்தால் யாதகிரி பேட்ஜைக் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டுப் போவாராம், கணக்கு ஏறினால் சைட் வேலை கிடைக்காது என்று. அங்கே பாதிப் பேர் அப்படித்தானாம். கழற்றாதே என்று சேகர் சொன்னதை ஒருமுறை எல்லோர் முன்னாலும் யாதகிரி கேலி செய்திருக்கிறார்.

"ஒன்றரை மாசமா அவன்கூட நான் பேசல. ஒரே டப்பால சாப்ட்டவங்க. ஆனா வேற யாரு க்கா? வேலை போனா போகுது, நெஜமா நான் டோஸ் வாங்கிருந்தா? அதான் எனக்குத் தெரியணும்."

"பேட்ஜை ஆபீஸ்ல வெச்சிருந்தா யார் வேணா எடுக்கலாமே" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"நக்கோ க்கா, அதெல்லாம் இல்ல. நான் ஆபீஸ்லயே வைக்க மாட்டேன். ரூல் என்னவோ வேலை முடிஞ்சா ஸ்டாண்ட்ல மாட்டணும்னுதான். இந்த ஆளுங்கள நம்பி எப்படி மாட்றது? வீட்டுக்கே கொண்டாந்துருவேன். பச்ச ஜாக்கெட் இருக்கில்ல, அதோட உள்பாக்கெட். லீவுல இருந்தாலும் அங்கதான் இருக்கும்."

நான் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்குகிறது என்று அவர் நினைத்துக்கொண்டு தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

பச்சை ஜாக்கெட்டை எனக்குத் தெரியும். ஹைதராபாத்தில் டிசம்பர் குளிர் இப்படி இருக்கும் என்று அரக்கோணத்துக்காரிக்கு என்ன தெரியும்? மாடி அறையில் இரண்டு கம்பளி கொடுத்திருந்தார்கள். நான் தொட்டதையெல்லாம் தனியாக மூட்டை கட்டி வைக்க வேண்டும் என்பதால், மூன்றாவதைக் கேட்டுத் தங்கை வீட்டில் இன்னொன்றையும் கெடுக்க மனம் வரவில்லை. மாடிப்படித் திருப்பத்தில், ஹெல்மெட்டுக்குப் பக்கத்து ஆணியில், உள்ளே பஞ்சு வைத்த அந்த ஜாக்கெட் தொங்கும். எல்லோரும் கதவடைத்த பிறகு எடுத்துப் போட்டுக்கொண்டு படுப்பேன், விடிந்ததும் மாட்டிவிடுவேன். நான்கு இரவு. ஐந்தாம் நாள் குளிர் விட்டது. உள்ளே ஏதோ அட்டை நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. கம்பெனி அடையாள அட்டை என்று நினைத்தேன். கேட்காமல் எடுத்ததும், என் வியர்வை பட்டதைச் சொல்லாமல் திருப்பி மாட்டியதும் உள்ளூர உறுத்தியது. அதனால்தான் பதிவில் அந்த வரியை அவ்வளவு அழுத்தமாக எழுதினேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஐந்நூறு படியும் இறங்கி, பைக்கில் வீடு வந்து சேரும்வரை வாயைத் திறக்கவில்லை. பயம்தான். யாரிடமும் சொல்லாமல் திங்கட்கிழமை ரயிலேறிவிடலாம் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். மதியம் மாலதி இலை போட்டாள். சேகர் கையைத் திருப்பி விரல்களைப் பார்க்க ஆரம்பித்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"சேகர், நாளைக்கு அந்த லெட்டரைக் குடுக்காதீங்க."

"கைக்கு க்கா?" என்றார். ஏன் என்பதற்கு ஹைதராபாத் உருது.

"அந்த ஜாக்கெட்டை நான் போட்டுக்கிட்டேன். டிசம்பர்ல, மாடில இருந்தப்ப. நாலு ராத்திரி."

மாலதிக்குப் புரியவில்லை. "நீ கோட்டைத் தாண்டி வரவேயில்லையேக்கா?" என்றாள். ஆணி கோட்டுக்கு மேல்பக்கம் இருக்கிறது என்றேன். சேகர் கண்ணை மூடி எதையோ கணக்குப் போட்டார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பீங்க?"

"இடது பக்கம்."

"பாக்கெட்டும் இடதுதான்" என்றார். எழுந்துபோய்க் காகிதமும் பேனாவும் எடுத்து வந்தார். எத்தனை மணிக்குப் போட்டீர்கள், எத்தனை மணிக்குக் கழற்றினீர்கள், சட்டைக்கு மேலேயா, பொத்தான் போட்டா, திறந்தா? தபால் அலுவலகத்தில் நான் பிறரைக் கேட்கிற மாதிரி ஒரு கட்டம் விடாமல் கேட்டார். எழுதி முடித்த பிறகுதான் குரல் உயர்ந்தது.

"கோடு போட்டேன். கொழந்தைய வெளிய தூங்க வெச்சேன். இந்த வீட்ல எல்லாரையும் எட்ட நிக்க வெச்சேன். ஜாக்கெட் வேணும்னு ஒரு வார்த்த கேட்ருந்தா நானே குடுத்துருப்பேனே க்கா. பேட்ஜ எடுத்துட்டுக் குடுத்துருப்பேன்."

தப்புதான் என்றேன். இலையில் சோறு ஆறிப்போனது. மாலதிதான் கடைசியில், "பேட்ஜை மேல மறந்து விட்டது நீங்கதானே" என்று அவரிடம் மெதுவாகச் சொன்னாள். அவர் அதற்கு, "ஹவ்" என்றார். ஆமாம் என்பதற்கு அங்கே அப்படிச் சொல்வார்கள். அன்று வேறு எங்கும் போகவில்லை.

திங்கட்கிழமை காலை மெட்டுகுடாவிலிருந்து ஹப்சிகுடா வரை மெட்ரோ, இரண்டாவது நிறுத்தம், பதினேழு ரூபாய். அங்கிருந்து நாச்சாரம் தொழிற்பேட்டைக்கு ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். பத்து மணிக்கு சேகரின் நிறுவன வாசலில் நின்றோம். கையில் பச்சை ஜாக்கெட், பையில் என் டிஸ்சார்ஜ் காகிதம். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி சுனிதா மேடம், ஐம்பதை ஒட்டிய வயது, அதிகம் சிரிக்காதவர். நான் இந்தியில் தடுமாறித் தடுமாறிச் சொன்னதை சேகர் தெலுங்கில் நிரப்பினார்.

அவர் முதலில் கையடக்க மீட்டரை எடுத்து என் கழுத்திலும் நெஞ்சிலும் காட்டினார். ஒன்றுமில்லை. ஜாக்கெட்டின் உள்ளும் புறமும் காட்டினார். ஒன்றுமில்லை. எங்களை வெளியே கூட்டிப்போய் வாசல் கிரானைட் படியில் காட்டினார். மீட்டர் கொஞ்சம் கூடுதலாகக் கத்தியது. இப்போது உங்களைவிட இந்தப் படியில்தான் அதிகம் என்றார். அயோடினின் வீரியம் எட்டு நாளைக்கு ஒருமுறை பாதியாகும், ஆறு மாதத்தில் அடையாளமே இருக்காது, ஆகையால் நீங்கள் சொல்வதற்கு ஜாக்கெட் சாட்சி சொல்லாது என்றும் சொன்னார். பேட்ஜும் உதவாதாம். இரிடியத்தின் கதிரும் என் மாத்திரையின் கதிரும் வலுவில் ஏறக்குறைய ஒன்று, பேட்ஜ் வித்தியாசம் பார்க்காது. வேலை செய்யும் ஆளைக் காப்பாற்ற அவருடைய சொந்தக்காரர்கள் வந்து கதை சொல்வதும் தனக்குப் புதிதில்லை என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அப்போதுதான் எனக்குப் புகைப்படம் ஞாபகம் வந்தது. மூன்றாம் நாள் விடியலில் மொட்டை மாடியிலிருந்து, பட்டறைக் கூரைகளின் பனி தெரிகிற மாதிரி என்னையே ஒரு படம் எடுத்தேன். பதிவில் போடத்தான் எடுத்தேன். ஜாக்கெட்டை மாலதி அடையாளம் கண்டுகொள்வாள் என்பதால் போடாமல் விட்டேன். ஃபோனில் தேடி எடுத்துக் கொடுத்தேன். தேதி, நேரம், நான், கழுத்துவரை பொத்தான் போட்ட பச்சை ஜாக்கெட். இடது நெஞ்சில் தட்டையாக ஒரு புடைப்பு.

சுனிதா மேடம் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். என் டிஸ்சார்ஜ் காகிதத்தில், வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு மீட்டர் தள்ளி எவ்வளவு இருந்தது என்று எழுதியிருக்கும், அதைக் குறித்துக்கொண்டார். ஒரு மணி நேரம் கணக்குப் போட்டார். வந்த விடை பேட்ஜின் கணக்குக்கு முக்கால் பங்கு இருந்தது. மிச்சம் கால் பங்கு எங்கே என்று நான் பதறிவிட்டேன். நெஞ்சிலிருந்து பாக்கெட் இரண்டு விரல் கிட்டேயா, நான்கு விரல் தள்ளியா என்பதிலேயே விடை பல மடங்கு மாறும், முக்கால் வந்ததே பெரிது என்றார் அவர். பிறகு என் பக்கம் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார்.

நடந்ததை என் கையால் எழுத வேண்டும். இருபது வருடமாகக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களை எழுத வைத்தவள் நான். "உறவினரின் ஜாக்கெட்டை அவருக்குத் தெரியாமல் எடுத்து அணிந்தேன்" என்ற வரியை எழுத எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது. ஆங்கிலத்தில் எழுதினேன், தமிழில் எழுதியிருந்தால் அரை மணி ஆகியிருக்கும். சுனிதா மேடம் அதை வாங்கி வைத்துக்கொண்டு, ஸ்டாண்டில் மாட்ட வேண்டிய பேட்ஜை வீட்டுக்குக் கொண்டுபோனதற்காக சேகரைத் தெலுங்கில் ஒரு பிடி பிடித்தார். அவர் பள்ளிப் பையன் மாதிரி நின்று கேட்டுக்கொண்டார். முடிவு மேலே இருந்து வர வேண்டும், சில வாரம் ஆகும் என்றார் மேடம். தன் குறிப்பில், இது அவர் உடம்பில் பட்டதாகத் தெரியவில்லை என்று எழுதப்போவதாகவும் சொன்னார்.

வெளியே வந்தபோது மணி ஒன்று. ஷெட்டின் ஓரத்தில் தகர மேஜைக்கு முன்னால் கனத்த உடம்பும் நரைத்த மீசையுமாக ஒருவர் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். சேகர் நேராக அவரிடம் போனார். யாதகிரி. சேகர் நடந்ததைச் சொல்லி, சட்டைப் பையிலிருந்து அந்த இரண்டு பக்கப் புகார்க் கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். கிழித்துப் போட்டிருக்கலாம், கொடுத்தார். யாதகிரி நின்றபடி முழுக்கப் படித்தார். முகம் மாறியது. மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தெலுங்கில் நாலைந்து வார்த்தை சொன்னார். என்ன சொன்னார் என்று பிறகு சேகரைக் கேட்டேன். "நான் பேட்ஜைக் கழற்றுகிறவன், அதனால் சந்தேகப்பட்டாய், அது என் தப்பு. ஆனால் முதலில் என்னைக் கேட்டிருக்கலாம்" என்றாராம். முந்தின நாள் சேகர் என்னிடம் சொன்ன அதே வார்த்தை. பிறகு என் பக்கம் திரும்பி இந்தியில், "உங்கள் உடம்பு இப்போது பரவாயில்லையா அம்மா?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்.

மாலதி கட்டிக்கொடுத்த புளிசாதத்தை நான் பிரித்தேன். யாதகிரி தன் டப்பாவிலிருந்த கோங்கூரா கீரைத் துவையலை மூடியில் எடுத்து சேகருக்கு முன்னால் வைத்தார். சேகர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நேராகச் சோற்றில் கையை வைத்துப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். விரல்களைப் பார்க்கவில்லை. யாதகிரிக்கும் அந்தப் பழக்கம் தெரிந்திருக்கிறது, அவர் என்னைப் பார்த்தார். பிறகு நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

மாலை ரயிலைப் பிடித்துச் செவ்வாய்க்கிழமை விடியற்காலை அரக்கோணம். மொத்தச் செலவு, பரிசோதனையும் சேர்த்து, நாலாயிரத்துக்குள். ஐந்து வாரம் கழித்து முடிவு வந்தது. அந்த அளவு சேகரின் பெயரில் கணக்காகாது என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். ரத்தத்திலும் மாற்றம் இல்லை. போன திங்கட்கிழமையிலிருந்து மறுபடி கேமராவோடு வேலைக்குப் போகிறார். பேட்ஜ் ஸ்டாண்டில் தொங்குகிறது. பக்கத்தில் யாதகிரியுடையதும் தொங்குகிறதாம், எத்தனை நாளைக்கோ.

இனி, இதே பயணத்துக்குக் கிளம்புகிறவர்களுக்கு. அயோடினைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது என்னைக் காப்பாற்றியது. ஆஸ்பத்திரி சொல்லும் நாட்களையும் தூரத்தையும் அப்படியே கடைப்பிடியுங்கள், தூரம் கொஞ்சம் கூடினாலே நிறையக் குறையும். டிஸ்சார்ஜ் காகிதத்தை ஒரு வருடமாவது பத்திரமாக வையுங்கள். டிசம்பரிலோ ஜனவரியிலோ போவதானால் சொந்தமாக இரண்டு கம்பளியும் ஒரு ஸ்வெட்டரும் எடுத்துப் போங்கள். தங்கும் வீட்டில் எக்ஸ்ரே, ஸ்கேன், வெல்டிங் சோதனை என்று கதிர்வீச்சோடு வேலை செய்கிறவர் யாராவது இருந்தால், அவருடைய பேட்ஜ் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கக் கூடாது, முதல் நாளே கேட்டுவிடுங்கள். வேறு எது வேண்டுமென்றாலும் கேட்டே வாங்குங்கள். கேட்காமல் எடுத்துவிட்டீர்கள் என்றால், திருப்பி மாட்டும் முன் சொல்லிவிடுங்கள்.

ஊருக்கு வந்ததிலிருந்து மாலதி தினமும் இரவு சேகர் சாப்பிட்டு முடித்ததும் எனக்கு ஒரே ஒரு வார்த்தை அனுப்புகிறாள். நேற்றும் வந்தது. "பாக்கல."